மியூசியம் படிப்பு: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பரோடாவில் அருங்காட்சியகவியல் முதுகலை முடித்துவிட்டு ஊர் திரும்பினேன். அதிலிருந்து கோவையைச் சுற்றித்தான் வேலை. இந்தப் படிப்பு பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோபி): அக்கா, நான் பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம். வரலாறு படித்தவர்கள்தான் மியூசியம் படிக்கலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி, பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். என் வகுப்பில் விலங்கியல், நுண்கலை, வணிகவியல் எல்லாம் இருந்தார்கள். மியூசியம் என்றாலே சிலையும் காசும்தான் என்ற நினைப்பில் சொல்கிறார்கள். ஆர்.எஸ்.புரத்தில் வனத்துறை வளாகத்துக்குள் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறதே, 1902இல் திறந்தது, போயிருக்கிறாயா? மரத்துண்டுகள், விதைகள், பூச்சிகள், பாடம் செய்த விலங்குகள் என்று மொத்தமும் காட்டின் சேகரிப்பு. நூறு வருடம் தாண்டிய பூச்சிப் பெட்டியை இன்னொரு பூச்சி தின்னாமல் காப்பாற்றுவதற்குத் தாவரவியலும் விலங்கியலும் தெரிந்த ஆள் வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் தாவரவியல், விலங்கியல், நிலவியல், மானிடவியல், நாணயவியல் என்று பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. உன் பாடத்தை விட்டுவிடாதே. அதுதான் உன் கைமுதல்.

கேள்வி (திருப்பூர், ஒரு அப்பா): மகள் பி.காம். முடித்துவிட்டு இதைத்தான் படிப்பேன் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்? படித்தால் வேலை கிடைக்குமா?

அண்ணா, இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பின்னலாடை கம்பெனிக்கு ஆள் எடுப்பது போல இதில் எடுக்கமாட்டார்கள், இடங்கள் கம்மி. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் இந்தப் பதவிக்குக் காப்பாட்சியர் என்று பெயர், தேர்வாணையம் வழியாக எடுப்பார்கள். அந்த அறிவிப்பு வரும்போது எந்தப் பாடத்தில் முதுகலை கேட்டிருக்கிறார்கள் என்று எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும், அருங்காட்சியகவியல் பட்டம் மட்டும் எல்லாப் பிரிவுக்கும் போதாது. தனியார் மியூசியங்கள், கோயில், பல்கலைக்கழகச் சேகரிப்புகள், பழைய நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்கள், கண்காட்சி வடிவமைக்கும் நிறுவனங்கள் இவையெல்லாம் அடுத்த வழிகள். கல்லூரியில் பாடம் நடத்த விருப்பம் என்றால் யு.ஜி.சி. நெட் தேர்விலேயே அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்து மனசு சுருங்கத்தான் செய்யும், எனக்கும் சுருங்கியது. முதல் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்த வேலையாகவே ஓடும், அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும்.

எங்கே என்றால், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இந்தத் துறை இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகம், காசி இந்துப் பல்கலைக்கழகம், அலிகார் பல்கலைக்கழகம் மூன்றிலும் உண்டு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1989இல் தொடங்கிய நிறுவனம் இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனமாக நடக்கிறது. அங்கே கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றும் தனித்தனி முதுகலை. எல்லாமே வடக்கே இருப்பதால் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று யோசிப்பீர்கள், எங்கள் அப்பாவும் அதையேதான் கேட்டார். விடுதி உள்ள இடமாகப் பாருங்கள், சேருவதற்கு முன்னால் ஒருமுறை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பி.காம். என்பது குறையே இல்லைங்க. டிக்கெட் வருமானம், நன்கொடை, மானியக் கணக்கு, காப்பீடு இதெல்லாம் மியூசிய நிர்வாகத்தில் பாதி வேலை, அதைச் செய்யத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

கேள்வி (ஈரோடு): தொல்லியலும் இதுவும் ஒன்றுதானே?

இல்லைங்க. கொடுமணலையே எடுத்துக்கொள்வோம். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் ஊர், பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இதைத்தான். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், பச்சைக்கல், சூதுபவளம், படிகம் ஆகியவற்றில் மணி செய்த தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம் என்று பார்த்துப் பொருளை வெளியே எடுப்பது தொல்லியலாளர். வெளியே வந்த அந்த ஓடு அடுத்த இருநூறு வருடம் உடையாமல், எண் அழியாமல், கதை தொலையாமல் இருக்கப் பார்ப்பதும், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அதன் முன்னால் நின்று புரிந்துகொள்ளும்படி வைப்பதும் எங்கள் வேலை.

கேள்வி (பொள்ளாச்சி): வகுப்பில் உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள்? வெறும் தியரியா?

தியரியும் உண்டு. மியூசியம் என்றால் என்ன என்பதற்கே உலக அருங்காட்சியகக் குழுமம் 2022இல் பிராகாவில் கூடிப் புதிய விளக்கம் எழுதியது, அதையெல்லாம் படிக்க வேண்டும். ஆனால் எனக்குள் தங்கியது கையால் செய்ததுதான்.

முதல் பருவத்தில் ஒரு சாதாரண மண்சட்டியைக் கொடுத்து எண் எழுதச் சொன்னார்கள். இதற்கு ஒரு வகுப்பா என்றுதான் நினைத்தேன். சட்டியின் அடியில், பார்க்கிறவர் கண்ணில் படாத இடமாகத் தேர்ந்து, அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 பிசினை ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, அது காய்ந்த பிறகு அதன்மேல் மெல்லிய பேனாவால் எழுதி, எழுத்தின் மேல் இன்னொரு பூச்சு. மை சட்டியைத் தொடவே கூடாது. நாளைக்கு எண்ணை எடுக்க வேண்டியிருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரே துடைப்பில் வந்துவிட வேண்டும். நாம் செய்கிற எதையும் பின்னால் வருகிறவர் திருப்பி எடுக்க முடியணும் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் புரிய வைத்துவிட்டார்கள்.

எண் என்பது கிடைத்த வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது வரவு, அதில் எத்தனையாவது பொருள், இந்த வரிசையில் இருக்கும். அதே எண் பதிவேட்டிலும் இருக்கும், பக்கத்தில் யார் கொடுத்தது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, வரும்போதே விரிசல் இருந்ததா என்பதெல்லாம். நான் பயிற்சிக்குப் போன ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், பதிவேட்டில் "பழைய பானை - 3" என்று மட்டும் இருந்தது. அலமாரியில் பானை ஏழு. எந்த மூன்று, எந்த ஊர், யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பானைகள் இன்னும் உடையாமல்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே இடத்தில் ஒரு வெண்கல விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. மியூசியப் பொருளில் மேலே படிந்த பச்சையும் பழுப்பும் சேர்ந்ததுதான் அதன் வயசு, அதைப் புளியின் அமிலம் தின்றுவிடும். ஆனால் பச்சையிலும் ஒரு வகை ஆபத்தானது. வெளிர் பச்சையாக மாவு போல உதிர்ந்தால் உள்ளே குளோரைடு உப்பு உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதைத் தொடக்கூடாது, எதற்கு உடனே வேதியியல் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற கண் வருவதற்கே இரண்டு வருடம் வேண்டும். எழும்பூரில் இதற்கென்றே 1930இல் ஆய்வுக்கூடம் வைத்துவிட்டார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அங்கே பயிற்சி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பவானி): அம்மாயி கல்யாணத்துக்கு வாங்கிய ஜமக்காளம் இருக்குதுங்க. மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறோம், மடிப்பில் இழை விடுகிறது. என்ன செய்ய?

மடிக்காதீங்க. ஒரு பிவிசி குழாய் எடுத்து அதில் துவைத்துக் காயவைத்த வெள்ளைக் காடாத்துணியைச் சுற்றுங்கள், அதன்மேல் ஜமக்காளத்தைச் சுருட்டுங்கள், வெளியே இன்னொரு காடாத்துணி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். பூச்சி உருண்டை துணியைத் தொடக்கூடாது. வாசலில் வெயிலில் போட்டு எடுப்பது நம் பழக்கம், ஆனால் சாயம் ஒருமுறை வெளிறினால் திரும்பாது. மியூசியத்தில் துணிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல் வெளிச்சமே விடமாட்டோம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்தக் காலத்தில் நெய்த துண்டுகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று யாராவது எண்ணினோமா? அம்மாயி பெயர், கல்யாணமான வருடம், எந்த நெசவாளர் வீட்டில் வாங்கியது, எல்லாம் ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.

கேள்வி (காங்கேயம்): தோட்டத்தில் குழி எடுக்கும்போது பெரிய தாழி ஒன்று தட்டுப்பட்டது. நானே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாதுங்க, குழியை அப்படியே விடுங்கள். 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னால் அவர் மேலே அனுப்புவார். நிலம் போய்விடும் என்று பயந்துதான் பலர் இரவோடு இரவாக உடைத்து மூடிவிடுகிறார்கள். ஆனால் அது அந்தக் காலத்தில் இறந்தவரைப் புதைத்த தாழியாக இருக்கலாம், அதைத் தனியாகத் தூக்கிவிட்டால் உள்ளேயும் பக்கத்திலும் இருந்த எலும்பு, மணி, கிண்ணம் எது எங்கே இருந்தது என்ற செய்தி அத்தோடு போச்சு. போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து.

கேள்வி (கோவை): வெளிநாட்டில் படிப்பது நல்லதா?

காசு இருந்தால், அல்லது உதவித்தொகை கிடைத்தால் நல்லதுதான். இங்கிலாந்தில் லெய்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் இதற்கென்று துறை உண்டு. கடன் வாங்கிப் போகாதீர்கள், இங்கே திரும்பி வந்து வாங்குகிற சம்பளத்தில் அதை அடைக்க முடியாது. இங்கே படித்துவிட்டு, நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, குறுகிய காலப் பயிற்சிக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை போன்ற நிதிக்கு விண்ணப்பிப்பது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி (தாராபுரம்): தாத்தா வீடு சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு ஊர் மியூசியம் வைக்கணும் என்று ஆசை. முதலில் படித்துவிட்டுத் தொடங்கட்டுமா, இப்பவே தொடங்கட்டுமா?

சேகரிப்பதை நிறுத்து, எழுதுவதைத் தொடங்கு தம்பி. கவலை ஓட்டிய காலத்துச் சால் (மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது கவலை, அதில் தண்ணீர் அள்ளுவது சால்), தானியம் அளக்கிற வள்ளம், தானியம் கொட்டி வைக்கிற தொம்பை எல்லாம் பழைய இரும்புக்காரரிடமும் பழம்பொருள் கடைகளுக்கும் போய்க்கொண்டே இருக்கிறது, அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஐம்பது சாமானை வாங்கி வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) அடுக்கிவிட்டால் அது நான் சொன்ன அந்த ஏழு பானை மாதிரிதான் ஆகும். வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் பத்தே பத்து எடு. ஒரு நோட்டு, எண், அளவு, போட்டோ. ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா, சுவரில் கரையான் ஏறுகிறதா என்று இந்த மழைக்காலம் முழுக்கப் பார். நூறு வருடம் தாண்டிய சிலையோ ஓவியமோ, எழுபத்தைந்து வருடம் தாண்டிய சுவடியோ வந்தால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் ஊரில் கவலை ஓட்டிய பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்த வாரமே போய், வடக்கயிறு எது, வால்கயிறு எது, எத்தனை சால் இறைத்தால் ஒரு பாத்தி நிறையும், மாட்டை என்ன சொல்லிப் பின்னுக்கு நடத்தினார் என்று கேட்டு, போனில் அவர் குரலையே பதிவு செய்துகொள். படிப்புக்கு விண்ணப்பம் அடுத்த வருடமும் வரும்.