பொய்யிரையை நாடும் பறவைகள்: வாசகர் கேள்வி–பதில்

ராடும் (தூண்டில் கோலும்) ரீலும் (நரம்பைச் சுற்றும் உருளையும்) வாங்கிப் பொழுதுபோக்காக மீன் பிடிக்கப் போவோர் பெருகியிருப்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. மீனுக்கு வீசிய லூரை, அதாவது இரையைப் போலச் செய்த செயற்கைப் பொய்யிரையை, வேறு உயிர்கள் கவ்வுவது பற்றிய கேள்விகளை மட்டும் இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம்.

உப்பனாற்றுக் கழிமுகத்தில் கொடுவாவுக்காக, நீர்மேல் துள்ளி வரும் லூரை வீசி இழுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆலா பாய்ந்து வந்து அதைக் கொத்தியது. நல்லவேளையாகத் தூண்டில் முள் மாட்டவில்லை. வாசனையும் சதையும் இல்லாத பிளாஸ்டிக் துண்டைப் பறவை எப்படி மீன் என்று நம்புகிறது?
— வாசகர், கடலூர்

ஆலாவுக்கு ஆராய்ந்து பார்க்கும் அவகாசம் கிடையாது. சிறகடித்து அந்தரத்தில் நின்றபடி கீழே நோக்கும் அப்பறவை, மேலே வந்த சிறுமீன் மீண்டும் ஆழத்துக்குள் போவதற்குள் பாய்ந்தாக வேண்டும். ஆகவே ஒரு மினுக்கு, ஒரு தடுமாற்றம், ஒரு தெறிப்பு என்று சில குறிகளைக் கொண்டே அது முடிவெடுக்கிறது. லூர் செய்கிறவர்களும் மீனின் உருவத்தை அச்சாக வடிப்பதைவிட இக்குறிகளை மிகைப்படுத்திக் காட்டுவதில்தான் அதிகக் கவனம் செலுத்துகிறார்கள். நீங்கள் வீசியது பாப்பர் வகையாக இருக்க வேண்டும். அதன் முகப்புக் குழிவாக இருப்பதால், வெட்டி இழுக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொப்பளித்துத் தெறிக்கிறது. பெரிய மீன் துரத்தியதால் மேலே வந்து திணறும் சிறுமீனிடமும் இதே தெறிப்பு உண்டு. கொடுவாவை ஏமாற்றும் குறியே ஆலாவையும் ஏமாற்றுவதால், மீனை மட்டும் கவர்ந்து பறவையைக் கவராத மேல்மட்ட லூர் ஒன்றைக் கடையில் தேடுவதில் பயனில்லை.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான நிக்கோ டின்பெர்கன், கடற்காகக் குஞ்சுகளிடம் இதை அழகாகக் காட்டினார். குஞ்சுகள் தாயின் மஞ்சள் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தித்தான் இரை கேட்கும். தாயின் தலையைப் போலவே செய்த உருவத்தையும், மூன்று வெள்ளைப் பட்டைகள் தீட்டிய ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியையும் காட்டியபோது, அவை குச்சியைத்தான் அதிகம் கொத்தின. உண்மையான பொருளைவிட மிகைப்படுத்திய போலி வலுவாக ஈர்க்கக்கூடும் என்பதற்கு இது பாடநூல்களில் இடம்பெற்ற சான்று. நன்றாக வேலை செய்யும் லூர் எதுவும் ஒருவகையில் அந்தச் சிவப்புக் குச்சிதான். வாசனையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆலா, மீன்கொத்தி, செம்பருந்து ஆகியவை கண்ணை நம்பி வேட்டையாடுபவை. அதனால் லூரில் மீன் வாசனை இல்லாதது அவற்றைத் தடுப்பதில்லை.

ஆலாக்கள் கூட்டமாகப் பாயும் இடத்தில், அடியில் சூரையோ பாரையோ சிறுமீன்களை மேலே விரட்டிக்கொண்டிருக்கும் என்பதைக் கடலோரத்தில் அறியாதவர் இல்லை. தூண்டில்காரர்கள் பறவையைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறார்கள் என்பதால், லூரும் பறவையும் ஒரே இடத்தில் சேருவது தற்செயல் அன்று. அத்தகைய கூட்டத்தின் நடுவே வீசாமல் ஓரத்தில் வீசுங்கள். மிதக்கும் லூரைக் கழற்றிவிட்டு, அமிழ்ந்து செல்லும் லூரைக் கட்டுங்கள். ஒரு பறவை உங்கள் லூரையே தொடர்ந்து வட்டமிடத் தொடங்கினால், அது விலகும்வரை ராடைக் கீழே வைத்துவிடுங்கள்.

விரால் பிடிக்கத் தவளை லூரை அல்லிக் குளத்தில் இழுத்தபோது ஒரு பாம்பு விடாமல் பின்தொடர்ந்து வந்தது. பாம்பு, முதலை போன்றவையும் லூரைக் கவ்வுமா?
— வாசகர், தஞ்சாவூர்

கவ்வும். தவளை தின்னும் தண்ணீர்ப்பாம்புக்கு, இலைமேல் தத்தித் தத்திப் போகும் ரப்பர்த் தவளை தவளையேதான். தவளை லூரின் அமைப்பு இங்கே ஓரளவு துணை செய்கிறது. உள்ளீடற்ற மென்மையான உடலின் முதுகோடு ஒட்டியபடி இரண்டு முட்கள் மேல்நோக்கிப் படிந்திருக்கும். விராலைப் போல வாய் முழுவதும் கவ்வி உடலை நசுக்கினால்தான் அவை வெளியே நீட்டிக்கொள்ளும். செடிகொடியில் சிக்காமல் இருக்கச் செய்த இந்த ஏற்பாட்டால், மேலோட்டமாகக் கொத்திப் பார்க்கும் உயிர்கள் பல தப்பிவிடுகின்றன. பாம்பு பின்தொடர்வதைக் கண்டால் இழுப்பதை நிறுத்துங்கள். அசைவு நின்றால் அது பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். தண்ணீர்ப்பாம்புக்கு நஞ்சு கிடையாது என்றாலும் சட்டென்று கடிக்கும் குணமுடையது. நீரில் நீந்துவதெல்லாம் தண்ணீர்ப்பாம்பு என்று கருதிக் கையால் தொடவும் கூடாது.

முதலையைப் பொறுத்தவரை, லூரைவிட நீர்த் தெறிப்பும் தூண்டிலில் மாட்டித் துடிக்கும் மீனுமே அதை ஈர்க்கின்றன. அமராவதி அணையிலும் காவிரியின் சில பகுதிகளிலும் சதுப்புநில முதலைகள் உண்டு. அத்தகைய இடங்களில் பறவைக்கு நேர்வதைவிடத் தூண்டில்காரருக்கு நேரக்கூடியதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். அந்தி நேரத்தில் ஈயைப் போன்ற சிறு பொய்யிரையை வீசுவோரின் தூண்டில் நரம்பை வௌவால்களும் துரத்துவதுண்டு. நீர்மேல் மிதக்கும் பூச்சிகளைக் காலால் அள்ளி உண்ணும் வௌவால் இனங்கள் இருக்கின்றன. மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். மீன் வாடை படிந்த லூரைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிற நேரத்தில், வீட்டு நாயும் பூனையும் அதைக் கவ்விவிடும். பெட்டியை மூடிவிட்டுப் போங்கள்.

படகில் சென்றபோது நண்பரின் லூரில் ஒரு நீர்க்காகம் சிக்கியது. பயந்துபோன அவர் நரம்பை அறுத்துவிட்டார். பறவை பறந்து போய்விட்டது. அவர் செய்தது சரிதானா?
— வாசகர், தூத்துக்குடி

சரியன்று. இப்பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால், நரம்பை அறுக்கக் கூடாது என்பதைக் கொள்ளுங்கள். பறந்து போனதால் பறவை பிழைத்தது என்று பொருள் இல்லை. அது தன்னோடு இழுத்துச் சென்ற நரம்பு, இரவு தங்கும் மரக்கிளையிலோ அலையாத்திச் செடியிலோ சுற்றிக்கொள்ளும். காலையில் அது மரத்தை விட்டுக் கிளம்ப முடியாமல் தலைகீழாகத் தொங்கிச் சாகும். முள் குத்திய புண்ணைவிட அந்த நரம்பே கொடியது. அதே மரத்தில் அடையும் மற்றப் பறவைகளும் அதில் சிக்கக்கூடும்.

செய்ய வேண்டியது, பதற்றமின்றி மெல்ல ரீலைச் சுற்றிப் பறவையை அருகே கொண்டுவருவது. வெடுக்கென்று இழுத்தாலோ, நரம்பைப் பிடித்துப் பறவையைத் தூக்கினாலோ முள் ஆழமாகப் பாயும். கைவலை இருந்தால் அதில் ஏந்துங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டைத் தலைமேல் போர்த்துங்கள். கண் மறைந்ததும் பெரும்பாலான பறவைகள் அடங்கிவிடும். சிறகுகளை ஒருவர் உடலோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்ள, அலகை மற்றவர் பிடிக்க வேண்டும். தனியாளாக இதைச் செய்வது கடினம். கொக்கும் பாம்புத்தாராவும் கண்ணைக் குறிவைத்துக் குத்தக்கூடியவை. கண்ணாடி அணிந்தவர் அவற்றைப் பிடிப்பது நல்லது. கூழைக்கடாவின் அலகை மட்டும் இறுக மூடிவிடாதீர்கள். அதன் மூக்குத் துளைகள் மூடியிருப்பதால் வாய் வழியாகவே மூச்சு விடுகிறது. மேலலகுக்கும் கீழலகுக்கும் இடையே ஒரு விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். நீர்க்காகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி முள். அதன் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்த சிறு கூர் ஒன்று இருக்கிறது. வந்த வழியே இழுத்தால் அந்தப் பின்கூர் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். ஆகவே முள்ளை அது போகிற திசையிலேயே மெல்லத் தள்ளி நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, பின்கூர் உள்ள பகுதியை வெட்டுக் குறடால் நறுக்கிவிட்டு, மீதித் தண்டைப் பின்புறமாக உருவ வேண்டும். லூரில் மும்முனை முட்கள் இரண்டு தொங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்று பறவையில் இருக்கும்போது மற்றொன்று உங்கள் உள்ளங்கையில் ஏறும். எனவே முதல் வேலையாக அதை நறுக்கி எறியுங்கள் அல்லது துணியால் சுற்றுங்கள். இறகுகளில் பின்னியிருக்கும் நரம்புத் துண்டு ஒன்றுவிடாமல் எடுத்த பிறகு, பறவையைக் கரையில் வைத்துத் தானாகப் போகவிடுங்கள்.

முள்ளை விழுங்கியிருந்தாலோ, கண்ணிலோ மூட்டிலோ பாய்ந்திருந்தாலோ நீங்கள் தொட வேண்டாம். தொண்டைக்குள் போகும் நரம்பை இழுப்பது பறவையைக் கொல்வதற்குச் சமம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, இரையோ தண்ணீரோ புகட்டாமல் கால்நடை மருத்துவரிடம் சேருங்கள், வனத்துறைக்கும் தெரிவியுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருப்பதால், தேறும்வரை வீட்டில் வளர்ப்போம் என்ற நல்லெண்ணமும் சிக்கலில் முடியலாம்.

நான் புளோரிடாவின் தாம்பாவில் வசிக்கிறேன். இங்கு ஸ்கைவே மீன்பிடித் துறையில், குளிர்காலத்தில் பல முட்கள் கோத்த தூண்டிலுக்குத் தடை இருக்கிறது. கூழைக்கடாவுக்காக இவ்வளவு கெடுபிடி தேவைதானா?
— வாசகி, தாம்பா

தேவை என்றே கருதுகிறேன். 1980-இல் சரக்குக் கப்பல் மோதி 35 பேர் உயிரிழந்த பழைய சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் எஞ்சிய பகுதிதான் நீங்கள் குறிப்பிடும் துறை. விரிகுடாவுக்குள் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் அதன் இருபுறமும் தூண்டில்கள் வரிசையாகத் தொங்க, அடியில் சிறுமீன் கூட்டம் திரள, அதே மீனுக்காகப் பழுப்புக் கூழைக்கடாக்கள் மேலிருந்து தலைகுப்புறப் பாய்கின்றன. சபிகி எனப்படும் தூண்டிலில், மீன்தோலோ பளபளக்கும் இழையோ சுற்றிய சிறு முட்கள் ஒரே நரம்பில் வரிசையாகக் கோத்திருக்கும். பறவையின் கண்ணுக்கு அது ஒரு சிறுமீன் கூட்டம். பாய்ந்த பறவையின் தொண்டைப்பையில் ஒரு முள், சிறகில் ஒன்று, காலில் ஒன்று என்று ஏறிவிட்டால், கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். துறையின் உயரத்திலிருந்து அதை மேலே எடுப்பதும் எளிதன்று. பறவைகள் பெருமளவில் சிக்கியதையொட்டி, மாநில மீன்–வனவுயிர் ஆணையம் 2023-இல் விதிகளை இறுக்கியது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை பல முட்கள் கொண்ட தூண்டில் கூடாது. ஒருவர் இரண்டு தூண்டில்களுக்கு மேல் போடக் கூடாது. ஆண்டுக்கொரு முறை இலவசப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கூழைக்கடாக்கள் அங்கு மிகுதியாகத் திரளும் மாதங்களுக்கு மட்டுமே முதல் விதி பொருந்துகிறது என்பதால் இதைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீனைத் துண்டுபோட்ட பிறகு முள்ளெலும்பைப் பறவைக்கு எறியும் வழக்கத்தையும் அங்குள்ளோர் விட வேண்டும். பெரிய மீனின் எலும்பு அதன் தொண்டையைக் கிழிக்கும். தூண்டில்காரர் அருகே இரை கிடைக்கும் என்ற பழக்கத்தையும் அதற்கு ஏற்படுத்திவிடும்.

ஆழ்கடலில் ஆயிரம் தூண்டில் போடும் எங்கள் படகுகளில் பறவை சிக்கி நாங்கள் அதிகம் கண்டதில்லை. ஆல்பட்ராஸ் பறவைக்காகச் சூரைக் கப்பல்களுக்கு விதி போடுகிறார்களாமே?
— வாசகர், தூத்தூர்

ஆல்பட்ராஸ்கள் பெரும்பாலும் தென்கடல்களின் பறவைகள்; நம் பக்கத்துக் கடலில் அவை வாழ்வதில்லை. நீங்கள் ஆயிரம் தூண்டில் என்று சொல்லும் நெடுந்தூண்டிலின் இரை கோத்த முட்கள் மூழ்குவதற்கு முன் அவை கவ்விக்கொண்டு, நரம்போடு ஆழத்துக்கு இழுபட்டு மூழ்கிச் சாகின்றன. சிறகு விரித்தால் மூன்றரை மீட்டர்வரை நீளும் பெரும் ஆல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்ட அதனால் முடிவதில்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2012-இல் ஏற்ற தீர்மானத்தின்படி, 25 பாகைத் தென் அட்சத்துக்குத் தெற்கே நெடுந்தூண்டில் போடும் கப்பல்கள் மூன்று வழிகளில் இரண்டைப் பின்பற்ற வேண்டும் என்று ஆயிற்று: இரவில் போடுதல், முள்ளருகே எடை கட்டி விரைவில் மூழ்கச் செய்தல், கப்பலின் பின்புறத்திலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கும் பறவை விரட்டிக் கயிற்றை இழுத்துச் செல்லுதல். கடைசியாகச் சொன்னது ஜப்பானியச் சூரை மீனவர்கள் கண்டது. தங்கள் இரையைப் பறவை பறிக்காமல் காக்க அவர்கள் செய்த உபாயம் அது.

இங்குள்ள ஏரிகளில் ஈயத் தலை வைத்த லூர்களை ஏன் எதிர்க்கிறார்கள்?
— வாசகர், டொராண்டோ

உங்கள் ஊர் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவைதான் காரணம். இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும்போது ஈயக்குண்டையும் அது விழுங்கிவிடுகிறது. லூர் அறுந்து வாயில் தங்கிய மீனைத் தின்றும் ஈயம் உள்ளே போகிறது. ஒரு சிறு துண்டே அதைக் கொல்லப் போதும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளும் ஈய லூர்களும் 1997-இலேயே தடை செய்யப்பட்டன. அன்னப் பறவைகளுக்காகப் பிரிட்டன் 1987-இல் பெரும்பாலான ஈயக்குண்டுகளைத் தடுத்தது. டங்ஸ்டன், வெள்ளீயம் ஆகியவற்றாலான மாற்றுகள் கிடைக்கின்றன.

முள்ளின் பின்கூரை நசுக்கிவிட்டால் பறவையிலிருந்து எளிதாகக் கழற்றலாம் என்கிறார்கள். மீனும் எளிதாகக் கழன்றுகொள்ளாதா?
— வாசகர், நாகர்கோவில்

சில மீன்கள் போகத்தான் செய்யும், குறிப்பாகத் துள்ளித் தலையை உதறும் கொடுவா. ஆனால் நரம்பைத் தொய்ய விடாமல் இறுக்கமாக வைத்திருந்தால் இழப்பு பலர் அஞ்சும் அளவுக்கு இருக்காது. மும்முனை முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள்ளையும் மாட்டிவிட்டால், பறவையிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் எடுப்பது ஒரு நொடி வேலை. புதிய முள் வாங்க வேண்டியதில்லை. குறட்டால் பின்கூரை அழுத்தித் தட்டையாக்கிய பிறகு, ஒரு பருத்தித் துணியில் குத்தி உருவிப் பாருங்கள். நூல் எதுவும் மாட்டாமல் முள் வெளியே வந்தால் பின்கூர் முழுவதும் நசுங்கியிருக்கிறது. மாட்டினால் இன்னொரு முறை அழுத்துங்கள்.