ஜெலட்டின் வேண்டாம், ஜெல்லி வேண்டும்: கேள்வி பதில்

விருந்துகளுக்கு இனிப்பு செய்து கொடுப்பது என் தொழில். ஜெல்லியை உறைய வைக்கும் ஜெலட்டின் என் அடுப்படிக்குள் வருவதில்லை. அதற்குப் பதில் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர்தான். சைவக்காரர், முஸ்லிம், மாட்டிறைச்சி தொடாதவர் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும்போது அதுதான் வசதி. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? பாக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

மாடு, பன்றி இவற்றின் தோலும் எலும்பும்தான் பெரும்பாலும். கொஞ்சம் மீன் தோலிலிருந்தும் வருகிறது. அவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து, வெந்நீரில் கரைத்து எடுக்கிறார்கள்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். ஜெலட்டின் சேர்ந்திருந்தால் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். சிக்கல் எல்லாம் மாமா துபாயிலிருந்து கொண்டுவரும் மிட்டாயில்தான். அதில் பச்சையும் இருக்காது, பழுப்பும் இருக்காது. பொருள் பட்டியலில் ஜெலட்டின் என்றோ, 428, 441 என்ற எண்களோ இருந்தால் விலகிவிடுங்கள். 406 அகர் அகர், 407 கராஜீனன், 440 பெக்டின். இந்த மூன்றும் தாவரம், பாசி வகை.

'ஹலால் ஜெலட்டின்' என்று போட்டிருந்தால் சைவம்தானே?

இல்லை. ஹலால் முறைப்படி அறுத்த மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்தது என்றுதான் அதற்கு அர்த்தம். சைவக்காரருக்கு ஆகாது. மீன் அலர்ஜி உள்ளவர்கள் எந்த மிருகம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரை லிட்டர் பாலுக்கு 10 கிராம் ஜெலட்டின் என்று குறிப்பில் இருந்தது. அதே 10 கிராம் அகர் தூள் போட்டேன். செருப்பு மாதிரி ஆகிவிட்டது அக்கா!

ஆகும், தம்பி! இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் குணம் வேறு. அரை லிட்டருக்கு 4 கிராம் தூள் போட்டால் கத்தியால் வெட்டும் பதம் வரும். கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்துக்கு 2 கிராம் போதும், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். அகரே நூல் நூலாக வரும் சைனா கிராஸ் என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் காய்ச்சுங்கள்.

ஜெலட்டினை வெந்நீரில் கலக்கினாலே கரைந்துவிடும். அகர் கொதித்தே ஆக வேண்டும். நான் பார்ப்பது கரண்டியின் முதுகை. தூக்கிப் பிடித்தால் அதில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை. வழவழவென்று வழிந்தால் சரி. அப்புறம் அதில் சேர்க்கும் பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு வளைகாப்புக்கு அவசரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோஸ் மில்க்கை அப்படியே ஊற்றினேன். பாத்திரம் முழுக்க இளஞ்சிவப்பு இடியாப்பம். நல்லவேளை, அகரைத் திரும்பச் சூடாக்கினால் கரைந்துவிடும். எல்லாவற்றையும் மறுபடி காய்ச்சி, வடிகட்டி ஊற்றினேன். சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் நடக்காது. ஜெலட்டின் 35 டிகிரிக்குள் உருகுவதால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அகர் உருக 85 டிகிரி வேண்டும். வாயில் கரையாது, உடையும். ஆனால் அதே குணம்தான் நம் மே மாதத்தில் கைகொடுக்கிறது. மண்டபத்தில் மின்விசிறி நின்றாலும் என் ஜெல்லி நிற்கும். ஜெர்மனியில் 1881 வாக்கில் கிருமிகளை ஜெலட்டின் மேல்தான் வளர்த்துப் பார்த்தார்கள். கோடையில் அது இளகித் தொலைந்தது, போதாக்குறைக்குக் கிருமிகளே அதைத் தின்று கரைத்தன. அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே, ஆய்வாளர் ஒருவரின் மனைவி. வீட்டில் ஜெல்லி செய்த கை! இன்றும் ஆய்வகங்களில் அகர்தான்.

அன்னாசி போட்டால் உறையாது என்கிறார்களே?

அது ஜெலட்டினுக்கு. வேகவைக்காத அன்னாசி, பப்பாளியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. அகர் புரதமே இல்லை, அதனால் கவலை இல்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அகர் வலு இழந்துவிடும்.

ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை வைத்து ஜெல்லி செய்யலாமா?

முடியாது. பாதாம் பிசின் தண்ணீரைக் குடித்து உப்பும், அவ்வளவுதான். சுற்றி இருப்பதை உறைய வைக்காது. ஜிகர்தண்டாவில் கடல்பாசி போடுகிறவர்களும் உண்டு. அது இதே அகர்தான். மன்னார் வளைகுடாக் கரையில் மூச்சை அடக்கி மூழ்கிப் பெண்கள் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகருக்கான மூலப்பொருள்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்த கடல்பாசியை வட்டிலில் சதுரம் சதுரமாக வெட்டி வைப்பார்களே, அதைச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

வீட்டில் சைவ மார்ஷ்மெல்லோ?

பலமுறை செய்து பார்த்துக் கைவிட்டேன். அகரில் அந்த இழுவை வராது, மறுநாள் தண்ணீர் விடும். பச்சைப் புள்ளி உள்ளதைக் கடையில் வாங்கிவிடுங்கள்.

பாட்டி சுத்த சைவம். வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஜெலட்டின் உறையாமே?

மென்மையான கேப்ஸ்யூல் பெரும்பாலும் ஜெலட்டின்தான். பிரித்து ஊற்றிக் கொடுக்காதீர்கள். வைட்டமின் டி தூள் பொட்டலமாகவும் கிடைக்கிறது. மற்ற மருந்துகளுக்கு மாத்திரை வடிவம் உண்டா, எச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் உறை உண்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். மாற்றுவது டாக்டருக்குத் தெரிந்து நடக்கட்டும். மாற்று இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கல்குவாரியில் வைக்கும் ஜெலட்டின் குச்சியும் இதுதானா?

சிரித்துவிட்டேன். அது வெடிமருந்து. நைட்ரோகிளிசரின் கலந்த முதல் வகை 1875இல் ஆல்ஃபிரட் நோபல் செய்தது. ஜெல்லி பதத்தில் இருந்ததால் அந்தப் பெயர். சைவம்தான், சாப்பிடத்தான் முடியாது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு அகர் ஜெல்லி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வாயில் கரையாது என்பதை மறக்காதீர்கள். ஒரே வாயில் உறிஞ்சும் சின்னக் கப் ஜெல்லி தொண்டையில் அடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதன் விற்பனையை நிறுத்தியபோது அகரில் செய்ததையும் சேர்த்தே நிறுத்தியது. கெட்டிப் பதம் வேண்டாம். 2 கிராம் பதத்தில் செய்து, கரண்டியால் மசித்து, உட்கார வைத்து ஊட்டுங்கள்.