திருச்சிக்குக் குடிபெயரலாமா?

கேள்வி: என் கணவருக்குப் பதவி உயர்வோடு திருச்சிக்கு மாற்றல் வந்திருக்கிறது. நான் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மூட்டுவலியால் அவதிப்படும் மாமியார் எங்களோடு இருக்கிறார். திருச்சியில் வசிக்கும் உறவினர்களைக் கேட்டால், ஒருவர் அதைப் போல வாழத் தகுந்த ஊர் கிடையாது என்கிறார். இன்னொருவர் ஆறே மாதத்தில் சலித்துவிடும் என்கிறார். கணவரோ இப்போதே அங்கே மனை வாங்கிவிடலாம் என்று அவசரப்படுகிறார். யார் பேச்சை நம்புவது? – வாசகி, மேடவாக்கம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர்கள் இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். திருச்சியைப் பற்றி ஒருவர் கருத்துச் சொன்னால், அவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், வருமானம் எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் எதற்காக வீட்டை விட்டு வெளியே போகிறார் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் கருத்து உங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தானாகவே விளங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி சுற்றுப்பகுதிகளையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்கள் வாழ்ந்த நகரம் இது. மேடவாக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சிறிய ஊராகவும், அரியலூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய பட்டணமாகவும் இது தெரிவதில் வியப்பில்லை.

புகழ்கிறவர்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தில்லைநகரில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, தெப்பக்குளம் பக்கம் துணி எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது இங்கே சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. காவிரித் தண்ணீரின் சுவையைச் சொல்லாமல் எந்தத் திருச்சிக்காரரும் பேச்சை முடிக்க மாட்டார். ஆற்றில் மணல் மட்டுமே தெரிகிற கோடையிலும், படுகையில் உள்ள நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வந்து சேரும் ஊர் என்பதால், மருத்துவ வசதி இந்நகரின் அளவுக்கு அதிகமாகவே இருக்கிறது. உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை இது ஒன்றே பெரிய காரணம். எலும்பு மருத்துவரைப் பார்க்க அரை நாளைத் தியாகம் செய்ய வேண்டியிராது.

ஆனால் இப்படிப் புகழ்கிறவர்களில் பலர், ஓய்வூதியம் வாங்குகிறவர்களாகவோ சொந்தக் கடை வைத்திருக்கிறவர்களாகவோ இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். வேலை தேடுகிற இருபத்து நான்கு வயதுப் பிள்ளையைக் கேட்டால் வேறு ஊரைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். புனித வளனார் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி, துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று படிப்பதற்கு இடம் ஏராளம். படித்து முடித்தவர்களில் கணிசமானவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் வந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையை நம்பித்தான் துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது, பெரிய ஆலை தாக்குப்பிடித்தது. பட்டறைகள் பல மூடப்பட்டன. மென்பொருள் துறையைப் பொறுத்தவரை, நவல்பட்டில் அரசு நிறுவனமான எல்காட்டின் மென்பொருள் வளாகம் இருக்கிறது என்றாலும், சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எதிர் வரிசையில் இன்னொன்றுக்கு மனுப் போடலாம் என்ற வசதி அங்கே கிடையாது. ஆகவே, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: உங்கள் வேலை என்ன ஆகும்? மாமியாருக்கு மருத்துவர் பக்கத்தில் கிடைப்பார், கணவருக்குப் பதவி உயரும், மகளுக்குப் பள்ளி கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் எதையாவது இழக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

போக்குவரத்தைப் பற்றிய கருத்துகளும் இப்படியே இரண்டாகப் பிரியும். சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஜங்ஷனுக்கும் இடையே தனியார் டவுன் பஸ்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுவதால், காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. பாட்டுச் சத்தத்தையும் ஏர் ஹாரனையும் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதே நகரில், தஞ்சாவூர்ச் சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை குடியிருப்பவர்கள், அணுகுசாலை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். அங்கே எதிர்ப்புறத்துக் கடைக்குப் போவதற்கே, விரைந்து வரும் லாரிகளுக்கு நடுவே தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய நிலை. கைத்தடி ஊன்றி நடக்கிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பகுதியை நான் சொல்ல மாட்டேன். ஆட்டோக்காரர்கள் மீட்டர் போடுவதில்லை. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். வெயிலைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கடற்காற்றுக்குப் பழகியவர்களுக்கு முதல் மே மாதம் கடுமையாக இருக்கும்.

சலித்துவிடும் என்று சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். முக்கொம்பு, மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், ஓரிரு வணிக வளாகங்கள், திரையரங்குகள் என்று விடுமுறைக்குப் போகும் இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடுவது மெய்தான். உங்கள் மகளுக்கு இது ஒரு குறையாகத் தெரியலாம். அதைவிட, எங்கே போனாலும் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும் என்பதுதான் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். வீடு பார்க்கப் போகும்போதே சொந்த ஊர், உறவு, மாமிசம் சமைப்பீர்களா என்பது வரை விசாரிக்கும் வீட்டுக்காரர்களைச் சந்திப்பீர்கள். பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். இந்த விசாரிப்பை நான் நியாயப்படுத்தவில்லை. எனினும், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் மாமியார் கால் தடுக்கி விழுந்தால், உங்களுக்கு அலைபேசி அழைப்பு வருவதற்கு முன்பே அவரைத் தூக்கி உட்கார வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அதே அக்கம்பக்கத்தார்தாம்.

மனை விஷயத்தில் உங்கள் கணவரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். 2025-இல் மதுரைச் சாலையில் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, ஊரின் நடுவில் இறங்கிப் பழகியவர்கள் தூரம் என்று குறைப்படுகிறார்கள். அந்தப் பக்கம் மனை வைத்திருப்பவர்கள் மட்டும் அதைப் புகழ்ந்து ஓய்வதில்லை. விற்பவரின் வாயிலிருந்து வரும் எந்தக் கருத்தையும் குடியிருப்பவரின் கருத்தாக எண்ணிவிடாதீர்கள். புதிதாக மனை பிரித்த இடங்களில் காவிரி இணைப்பு வந்துவிட்டதா, பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டப் போகிறார்களா என்பதை, அங்கே ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறிய யாரிடமாவது நேரில் கேட்பது நல்லது. ஸ்ரீரங்கம் பிடித்திருந்தால், அதை நகரோடு இணைக்கும் காவிரிப் பாலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1976-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 நவம்பரில் மூடியபோது, திறப்பதற்கு மறு ஆண்டு மார்ச் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் அக்கரைக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள், திருச்சியில் எல்லாமே பக்கம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் யோசனை இதுதான். கணவர் முதலில் போய்ப் பணியில் சேரட்டும். மகளின் ஆண்டுத் தேர்வு முடியும் வரை நீங்கள் சென்னையிலேயே இருங்கள். அவர் மலைக்கோட்டை ரயிலில் இரவு ஏறினால் விடியற்காலையில் எழும்பூர் வந்துவிடலாம் என்பதால் வார இறுதிகள் சிரமமாக இராது. அந்த இடைவெளியில் உங்கள் நிறுவனத்திடம் வீட்டிலிருந்தே பணிபுரியும் அனுமதியைக் கேளுங்கள். வாய்மொழி உறுதியோடு நின்றுவிடாமல், எத்தனை காலத்துக்கு, மாதத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்துவிட்டால், கே.கே. நகரிலோ தில்லைநகரை ஒட்டியோ, படி ஏறத் தேவையில்லாத கீழ்த்தள வீடாகப் பார்த்து ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால், வேலையை விடுவதா என்பதை மாற்றலோடு சேர்த்து ஒரே மூச்சில் முடிவு செய்யாமல், அதைத் தனி விஷயமாக எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் மாமியாரும் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.