சேமலாப நிதிப் பணத்தை மாத வட்டிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் சொந்த வீடு. தனியார் கம்பனியொன்றில் இருந்து ஓய்வுபெற்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டுமாக 60 இலட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. மனைவிக்கு வருமானம் இல்லை. மாதச் செலவு 90,000. அதில் 40,000ஐ மகன் தருகிறான். மருமகனின் நண்பர் ஒருவர் மாதம் நூற்றுக்கு 4 வட்டி தருவதாகச் சொல்கிறார். என் மச்சானுக்கு ஆறு மாதமாகத் தவறாமல் கொடுக்கிறாராம். மகள் வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, அந்த நண்பரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மாதம் 4 என்றால் வருடத்துக்கு 48. எந்த நேர்மையான வியாபாரமும் அந்த வட்டியைக் கொடுத்துத் தாக்குப்பிடிக்காது. ஆறு மாதம் ஒழுங்காக வந்தது என்பதை நம்பிக்கைக்குக் காரணமாக எடுக்க வேண்டாம். 10 இலட்சம் கொடுத்த ஒருவருக்கு ஆறு மாதத்தில் கிடைப்பது 2 இலட்சத்து 40 ஆயிரம். அது கொடுத்தவரின் சொந்தக் காசிலிருந்தே திரும்பி வந்திருக்கலாம், அல்லது அடுத்து வந்தவரின் காசாக இருக்கலாம். ஏழாம் மாதம் தொலைபேசி நின்றுவிட்டால் மிச்சம் 7 இலட்சத்து 60 ஆயிரமும் போய்விடும். மச்சானுக்கு ஒழுங்காக வருவதைக் காட்டித்தான் உங்களைப் போன்றவர்களைப் பிடிக்கிறார்கள். ஆட்களைச் சேர்த்தால் கமிஷன் என்றும் சொன்னால் அது பிரமிட் திட்டம். இலங்கை வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடைசெய்கிறது. அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம்.

இந்த எண்ணம் ஏன் வந்தது என்பது உங்கள் கணக்கிலேயே தெரிகிறது. உங்களுக்கு மாதம் 50,000 தேவை. நிலையான வைப்பில் வட்டி வருடத்துக்கு 8 என்று வைத்தால், 60 இலட்சத்துக்கு மாதம் 40,000தான் வரும். குறைவது 10,000. அதற்காக முழு முதலையும் ஆபத்தில் போட வேண்டாம். தெரிந்துகொண்டே முதல் தொகையிலிருந்து கொஞ்சம் எடுப்பது பாதுகாப்பான வழி. வட்டி 8ஆகவே இருந்து, மாதம் 50,000 எடுத்தால் பணம் 20 வருடத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் விலைவாசி ஏறி, நீங்கள் எடுக்கும் தொகையும் வருடத்துக்கு நூற்றுக்கு 5 கூடினால் 12, 13 வருடத்தில் முடிந்துவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69 வீதத்தைத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே அந்தப் 10,000ஐ இப்போதே குறைக்கப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஓர் அறையை வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வாடகைக்கு விடலாம். அல்லது மகனோடு வெளிப்படையாகப் பேசலாம்.

பணத்தை எங்கே போடுவது? 5 இலட்சத்தை சேமிப்புக் கணக்கில் வையுங்கள். வட்டி குறைவுதான், ஆனால் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வைப்பை உடைக்க வேண்டியிருக்காது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் இருப்பதால் அங்கே 25 இலட்சம் போடலாம். மிச்சம் 30 இலட்சத்தைப் பத்துப் பத்தாக மூன்று உரிமம் பெற்ற வங்கிகளில், உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலுமாகப் பிரியுங்கள். வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். ஒரே நிறுவனத்தில் ஐந்து கிளைகளில் போட்டாலும் ஒன்றாகவே கணக்கெடுப்பார்கள். ஒன்றிரண்டு வீதம் கூடக் கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே நிதிக் கம்பனியில் போட்டவர்கள், 2020இல் த பினான்ஸின் உரிமம் இரத்தாகி, ஈ.டி.ஐ.யின் வியாபாரமும் இடைநிறுத்தப்பட்டபோது பட்ட பாட்டை மறக்க வேண்டாம்.

முதிர்வுத் திகதிகள் மூன்று நான்கு மாத இடைவெளியில் வரட்டும். எல்லாம் ஒரே நாளில் முதிர்ந்தால், அன்றைக்கு வட்டி குறைந்திருந்தால் முழுத் தொகையும் அந்தக் குறைந்த வீதத்தில் மாட்டிவிடும். இடையில் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைத்துக் கணக்குப் போட்டு, ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்ததை முதல் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும். அப்படி அவசரம் வந்தால், வைப்பை ஈடாக வைத்துச் சிறு கடன் எடுப்பது மலிவா என்று முதலில் கேளுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் மேசையிலேயே வாசியுங்கள். அதில் 'நிலையான வைப்பு' என்று இருக்க வேண்டும். தொகுதிக் கடன் (டிபென்சர்), முதலீட்டு உடன்படிக்கை என்று இருந்தால் காப்புறுதி கிடைக்காது. வைப்புப் போட வந்தவரிடம் ஆயுட்காப்புறுதி விற்பவர்களும் உண்டு. வருடா வருடம் தவணை கட்ட வேண்டிய எதிலும் இந்த வயதில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

வரி: 2025 ஏப்ரல் 1 முதல் வங்கி வட்டியில் 10 வீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அது வருடத்தில் ஏறக்குறைய 45,000 ரூபாய். ஆனால் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைவானவர்கள் டின் இலக்கத்தோடு (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு வரி வருடமும் கொடுக்க வேண்டும். மனைவிக்கும் டின் எடுத்துவிடுங்கள். 60 வயது தாண்டியவர்களின் 10 இலட்சம் வரையான வைப்புக்கு மேலதிக வட்டி 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதையும் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டை இப்போது எழுத வேண்டாம். நன்கொடை உறுதி எழுதி, மகள் ஏற்றுக்கொண்டபின் நினைத்தபடி இரத்துச் செய்ய முடியாது. நீதிமன்றம் போய் நன்றிகெட்ட நடத்தையை நிரூபிக்க வேண்டிவரும். மரண சாசனம் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்கள் இருவர் பெயரிலும் வைக்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். கணவன் பெயரில் மட்டும் வைத்துவிட்டு, அவருக்குப் பின் மனைவி பிள்ளையின் தயவில் இருக்க நேர்வது நம்மிடையே நடக்கிறது. ஒவ்வொரு வைப்புக்கும் நியமனதாரராக மனைவியின் பெயரைப் பதிந்து, அந்தப் படிவத்தின் பிரதியைச் சான்றிதழோடு வையுங்கள். எந்தக் கிளையில் என்ன இருக்கிறது என்பதையும் அவருக்கு இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.