கோச் ஆவது தோல்வியா?

கேள்வி: எனக்கு 27 வயது. சர்வதேச டென்னிஸில் கடைசிப் படியான 15,000 டாலர் போட்டிகளில் ஐந்து வருடம் சுற்றினேன். இரண்டாம் சுற்றைத் தாண்டியது சில முறைதான். தோள் வலியால் எட்டு மாதமாக ஆடவில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கு வாரம் மூன்று நாள் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். முழுநேர கோச்சாக வரச் சொல்கிறார்கள். சம்பளத்தைப் பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா, “ஆட முடியாதவர்கள்தான் கோச் ஆவார்கள்” என்கிறார். அங்கே 12 வயதுச் சிறுமி ஒருத்தி அடிக்கும் பந்து எப்போதும் கோட்டைத் தாண்டிவிடும். மணிக்கட்டு சரியில்லை என்று முன்பிருந்தவர் சொல்லிவிட்டார். சேலத்துக்கு அழைத்து வந்து ஆடவைத்தேன்; அதே அடி கோட்டுக்குள் விழுந்தது. அது மனத்தைக் குடைகிறது. இன்னும் ஒரு வருடம் ஆடிப் பார்க்கட்டுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தச் சிறுமியின் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு. கீழே கோட்டுக்குள் விழும் அடி அங்கே தள்ளிப் போய் விழும், துள்ளலும் கூடும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடும்போது அதற்கென்று உள்ள தனி வகைப் பந்தைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச விதிகளிலேயே இடம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால், வேகம் சுமார் 25 சதவீதம் குறைந்த பச்சைப் புள்ளிப் பந்தை வைத்துப் பழக்குங்கள். மட்டையின் ஸ்ட்ரிங்கை இரண்டு பவுண்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். பந்தை முன்பக்கமாகச் சுழலவைக்கும் டாப் ஸ்பின் அடிக்கக் கற்றுக்கொண்டால் பந்து தானாகக் கீழே இறங்கும்.

முன்பிருந்தவர் பந்து வெளியே போவதை மட்டும் பார்த்தார். நீங்கள் அதே பிள்ளையை இரண்டு ஊரில் ஆடவைத்துப் பார்த்திருக்கிறீர்கள். யாரும் சொல்லாமலே உங்களுக்கு அது தோன்றியிருக்கிறது. கோச்சான எனக்கு அது தோன்றப் பல வருடம் ஆயிற்று.

அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். தரவரிசையில் 34-ஐத் தாண்டி ஏறாதவர் மரியான் வய்டா. 2006-ல் ஜோகோவிச்சுக்குக் கோச்சாகச் சேர்ந்தார். டேரன் கேஹில் 1988 அமெரிக்க ஓபனில் அரையிறுதி வரை வந்து, பிறகு முழங்கால் காயங்களால் ஒதுங்கினார். அவருடைய பயிற்சியில்தான் ஹூயிட் 2001-ல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார், ஹாலெப் 2018-ல் பிரெஞ்சு ஓபனை வென்றார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனைப் பாருங்கள். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் பிரதான சுற்றில் ஒரு ஆட்டத்தை வென்று, ஓபன் யுகத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு) கிராண்ட் ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் அப்படி வென்ற முதல் இந்தியப் பெண் ஆனவர். அவரும் பிறகு கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போனார்.

ஆனால் ஆடத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். என்னிடம் வந்த முதல் பையன்களில் ஒருவனுக்கு ஒற்றைக் கை பேக்ஹேண்ட், அதாவது மட்டை பிடிக்காத பக்கம் வரும் பந்தை ஒரே கையால் அடிப்பது, இயல்பாக வந்தது. நான் இரண்டு கையால் அடித்தவன் என்பதால் அவனையும் அப்படியே அடிக்கவைத்தேன். ஆறு மாதத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். கடைசி நாளன்று மட்டையை உறையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அப்பாவின் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன் எடுத்த எடுப்பில் கொலுசில் கை வைப்பதில்லை அல்லவா? நீங்களும் பள்ளி இல்லாத நாட்களில் சேலத்திலேயே அனுபவமுள்ள கோச் ஒருவரிடம் உதவியாளராகச் சேருங்கள். அகில இந்திய டென்னிஸ் சங்கம் நடத்தும் பயிற்சியாளர் வகுப்புகளுக்கு விண்ணப்பியுங்கள். பின்னர் வசதிப்பட்டால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பையும் விசாரியுங்கள்.

இன்னும் ஒரு வருடம் ஆடுவதா? வேண்டாம் என்றே சொல்வேன். தோள் ஆறாமல் போனால் வலியோடு முதல் சுற்றில் தோற்றுத் திரும்புவீர்கள். 15,000 டாலர் என்பது போட்டி முழுவதற்குமான பரிசுத்தொகை. ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் உங்கள் வீட்டுப் பணம். கூடையிலிருந்து பந்து எடுத்துப் போடுவதற்கும் அதே தோள்தான் வேண்டும். மருத்துவரிடம் காட்டாமல் முழுநேர வேலையை ஏற்காதீர்கள்.

பள்ளியிடம் சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள், அதுவும் மாதச் சம்பளமாக. மணிக்கணக்குக்கு ஒப்புக்கொண்டால், மழையும் மூடுபனியும் இறங்கி எதிர்ப்பக்கம் நிற்கும் பிள்ளையே தெரியாத நாட்களில் வெறும் கையோடு மலையிறங்க வேண்டியிருக்கும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒருநாள் உங்களோடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வரச் சொல்லுங்கள். மைதான ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். நீங்கள் ஆடி மட்டுமே பார்த்திருக்கிறார், பாவம், சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை.

அதற்கு முன், அடுத்த வகுப்பிலேயே அந்தச் சிறுமியைத் தனியே அழைத்து, அவள் மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.