அது பூட்டுச் சாவி இல்லை, கடிகாரச் சாவி

வணக்கம் நண்பரே. இங்கிலாந்தில் நார்ஃபோக் வயலில் மெட்டல் டிடெக்டரில் அகப்பட்ட குட்டிச் சாவி எந்தப் பெட்டிக்கானது, வினிகரில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் நுனியைப் பாருங்கள்: பல்லே இல்லை, சதுரத் துளை மட்டும்தான். பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அது. துளை ஒன்றரை மில்லிமீட்டர் என்கிறீர்கள். சுவர்க் கடிகாரச் சாவி என்றால் இன்னும் பெரிதாக இருக்கும்.

தினமும் சாவி கொடுக்க வேண்டுமே, அதனால் கடிகாரச் சங்கிலியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். உங்களுடையதில் வளையத்தின் மேல்பக்கம் நூலாகத் தேய்ந்து அறுந்திருக்கிறது. விழுந்ததும் அப்படித்தான். 1840-களில் அத்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் சாவியே இல்லாமல் திருகும் முறையைக் கொண்டுவந்த பிறகும் இங்கிலாந்தில் வெகுகாலம் சாவிதான் புழங்கியது. ஆகவே 18 அல்லது 19-ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

வினிகர் வேண்டவே வேண்டாம்! பிடி பித்தளை, குழாயில் துரு தெரிவதால் அது இரும்பு. அமிலம் குழாயைத் தின்றுவிடும், பித்தளையில் படிந்த அழகான பச்சையும் போய்விடும். நன்றாகக் காயவிட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மெல்லக் கிண்டி எடுங்கள், போதும்.

அப்புறம், சங்கிலியில் அரக்கில் பதிக்கும் சிறு முத்திரையும் சேர்ந்தே தொங்கும் வழக்கம் உண்டு. நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு அதே இடத்தைச் சுற்றி இன்னொரு முறை தேடுங்கள்.