உயிலில் தொடங்கும் காதல் கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங் லீ இயக்கிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1995) படத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். அவள் அழுதே விட்டாள். அப்புறம் ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தேடி எடுத்துப் படித்தேன். படத்தில் இருக்கும் மழை, கவிதை, கண்ணீர் எதுவும் அங்கே அந்த அளவில் இல்லை. யாருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். கர்னல் பிராண்டன் படத்தில் கதாநாயகன். நாவலிலோ ஃபிளானல் உள்சட்டை போடும் வயசாளி என்று, கடைசியில் அவரையே கட்டிக்கொள்ளும் மேரியன் கேலி செய்யும் மனிதர், அவ்வளவுதான். அழகான உடைகளைப் போட்டு ஒரு கறாரான நாவலைக் காதல் படமாக மாற்றிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இது ஆஸ்டினுக்குச் செய்த துரோகம் இல்லையா? மகளுக்கு இந்த நாவலைக் கொடுக்கலாமா, ஏமாந்துபோவாளா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நாவலில் காதல் குறைச்சல் என்பது உண்மைதான். மேரியனின் அக்கா எலினாரிடம் அவள் காதலன் எட்வர்ட் தன் மனதைத் திறக்கும் கட்டத்துக்கு ஆஸ்டின் நம்மைக் கூட்டிப்போவதே இல்லை. என்ன சொன்னான், எலினார் என்ன பதில் சொன்னாள் என்பதையெல்லாம் விவரிக்கத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். அவன் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, நான்கு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சம்மதம் வாங்கி முடித்திருந்தான், அவ்வளவுதான். நாற்பத்தெட்டு அத்தியாயம் காத்திருந்த வாசகருக்குக் கிடைப்பது சாப்பாட்டு நேரம்.

ஆனால் படத்தில் அதே இடத்தை இன்னொரு முறை பாருங்கள். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று நினைத்திருந்த எட்வர்டுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் எலினார் உடைந்து அழுகிறாள். நாவலில் அவள் அறையைவிட்டு ஏறக்குறைய ஓடிப்போய், கதவைச் சாத்திய பிறகுதான் அழுகிறாள். படத்தில் அவன் கண் முன்னாலேயே, அடக்க முடியாமல், கொஞ்சம் அசிங்கமாகக்கூட அழுகிறாள். இது பெரிய மாற்றம்தான். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது? அம்மாவும் தங்கைகளும் நைசாக வெளியே நழுவிவிடுகிறார்கள். கடைக்குட்டி மார்கரெட் மரவீட்டில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்து, அவன் மண்டி போடுகிறான் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்கிறாள். அவன் மண்டியிடுவது நமக்கு அவள் வாய்வழியாகத்தான் வருகிறது.

நாவலில் மார்கரெட் இருக்கிறாளா என்றே மறந்துபோகும். திரைக்கதை எழுதிய எம்மா தாம்ப்சன் அவளைப் பெரிதாக்கியது குழந்தைக் குறும்புக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஆஸ்டின் நாவல்களில் முக்கியமான பாத்திரம் கதைசொல்லியின் குரல். பெரியவர்கள் மூடி மறைப்பதைப் பட்டென்று போட்டு உடைக்கிற அந்தக் குரலைக் கேமராவால் எடுக்க முடியாது. யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். தாம்ப்சன் பாதியை மார்கரெட்டிடம் கொடுத்தார். மீதியை எலினாராகத் தானே நடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். (அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. நடிப்புக்கு ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தார். இரண்டுக்கும் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.)

பணத்தைப் படம் விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. எலினார், மேரியன், மார்கரெட் மூவருக்கும் ஜான் அண்ணன், அப்பாவின் முதல் தாரத்து மகன். இந்தத் தங்கைகளுக்கு உதவுவதாகச் சாகும் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். மனதில் 3000 பவுண்டு. மனைவி ஃபேனி பேசப் பேச அது 1500 ஆகிறது, பிறகு ஆண்டுக்கு 100, அதுவும் வேண்டாம் என்று ஆகிறது. நாவலின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரே பேச்சுதான். கடைசியில் சீசனுக்குச் சீசன் கொஞ்சம் மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதும் என்று வந்து நிற்கும். ஆங் லீ இந்தப் பேச்சைத் துண்டு துண்டாக்கி, அவர்கள் தங்கைகள் வாழும் நார்லண்ட் வீட்டுக்குக் கிளம்பி வண்டியில் வரும் பயணத்தின் மேல் ஏற்றிவிட்டார். வீடு நெருங்க நெருங்கத் தொகை குறைகிறது. வசனத்தில் இருந்த கேலியைச் சக்கரம் பூட்டி ஓட விட்டதுபோல. கடைசிக் காட்சியில் மாப்பிள்ளை பிராண்டன் என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? காசுகளை அள்ளி வானத்தில் வீசுகிறார்.

பிராண்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். நாவலில் மேரியன் ஈரப்புல்லில் நடந்து, நனைந்த காலுறையோடு உட்கார்ந்திருந்து காய்ச்சலை இழுத்துக்கொள்கிறாள். படத்தில் மழையில் விழுந்துகிடப்பவளை பிராண்டன் தூக்கி வருகிறார், முன்பு அவள் காதலித்த வில்லபி தூக்கி வந்த மாதிரியே. பிராண்டனாக நடித்த ஆலன் ரிக்மன் அந்தக் குரலில் இரண்டு வார்த்தை பேசினால் எந்த ஃபிளானல் சட்டையும் மறந்துபோகும். சரி, இதை நான் மன்னிக்கிறேன். இரண்டே கால் மணி நேரப் படத்தில் மேரியன் ஏன் அவரைக் கட்டிக்கொண்டாள் என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமே. நாவலில்கூட அந்தக் கல்யாணம் எனக்குப் பாதிதான் நம்பும்படி இருந்தது.

எனக்கு மனத்தாங்கல் வேறு இடத்தில். நார்லண்ட் ஏன் கைமாறுகிறது? வீடு அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது, அதுதான் சட்டம் என்று படத்தில் எலினார் மார்கரெட்டுக்கு விளக்குகிறாள். நாவலில் காரணம் சட்டம் இல்லை. வீட்டின் சொந்தக்காரரான, அப்பாவுக்கு உறவான பெரியவர் ஒருவர் எழுதிவைத்த உயில். பத்து வருஷம் அவரோடு இருந்து கவனித்துக்கொண்டவர்கள் இந்தக் குடும்பத்தார். ஆனால் எப்போதாவது வந்துபோன ஜானின் குட்டிப் பையன், மழலையும் அடமும் கூச்சலுமாக, அவரை மயக்கிவிட்டான். சொத்து அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் மூவருக்கும் ஆளுக்கு 1000 பவுண்டு. சட்டம் என்றால் யார் மேலும் கோபப்பட முடியாது, அநியாயம் பொதுவாகிவிடுகிறது. ஒரு கிழவரின் கிறுக்குத்தனம் என்னும்போதுதான் அது உறைக்கிறது. நல்ல மனிதர்தான் அவர், வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை, ஆனாலும் நான்கு பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இந்த நுட்பத்தைப் படம் ஒரு வரி வசனத்துக்காகக் கொடுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இதே நாவலைத் தழுவி 2000-இல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் உயில் அப்படியே இருக்கிறது. தாத்தா எழுதிவைத்த உயிலால்தான் வீடு மாமா கைக்குப் போகிறது. நம் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே பவுண்டுக் கணக்கு வந்து கொட்டும், அதைத் தாண்டச் சொல்லுங்கள். இரண்டாவதில் சிரித்துவிடுவாள். அப்புறம் 44-ஆம் அத்தியாயம். மேரியன் உடம்பு முடியாமல் கிடக்கும் இரவில் வில்லபி வண்டியைப் பறக்கவிட்டு வந்து எலினாரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். படத்தில் இது கிடையாது. அங்கே அவன் கடைசியில் குதிரைமேல் தூரத்தில் நிற்பதோடு சரி. நாவலில் எலினாரே அவன் போன பிறகு கொஞ்ச நேரம் இளகிப்போகிறாள். உங்கள் மகள் இளகுகிறாளா இல்லையா என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.